மூன்றாம் நம்பர் சிஸ்டத்தில் தபரேஸ்

ஆம்பூரில், செருப்புக்கு லைனிங் துணி விற்கும் கடையின் மாடியில், ஜோவின் நான்கு கம்ப்யூட்டர்களை வைத்து கேம் சென்டர் நடத்திவந்தான். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. ஊர்ப் பையன்களுக்கெல்லாம் ஒரே விளையாட்டுப் பைத்தியம். காரைத் திருட வேண்டும், ஊரெல்லாம் ஓட்ட வேண்டும், நடைபாதையில் தேமே என்று போகிறவர்களை இடித்துத் தள்ள வேண்டும். ஜோவினின் அம்மா வேலூரில் நர்ஸ். நாளெல்லாம் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிறவள். மகன் பிழைப்பு இப்படி!

அந்த நடைபாதை ஆட்களில் ஒரு வழுக்கைத் தலையன் தபரேஸின் குரலில் கத்துவான். தபரேஸ் செத்து மூன்று மாதம் ஆகியும் கத்திக்கொண்டிருந்தான்.

தபரேஸ் ஜோவினுக்கு உயிர்த் தோழன். தோல் பதனிடும் டேனரியில் வேலை, வாய் ஓயாத ஆள். ஜோவின் 'மாட் லோடர்' என்று ஒரு சின்ன புரோகிராமை இறக்கி நான்கு சிஸ்டத்திலும் ஏற்றிய சமயம், முதலில் கூப்பிட்டது அவனைத்தான். லோடர் விளையாட்டின் சொந்த ஃபைல்களில் கை வைக்காது. நாம் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவைக்கும் குரலையும் சட்டையையும், விளையாட்டு தொடங்கும்போது மேலே போர்த்திவிடும், அவ்வளவுதான். வேண்டாமென்றால் லோடரை எடுத்துவிடலாம், எல்லாம் பழையபடி ஆகிவிடும். வழுக்கையனைத் தேர்ந்தெடுத்ததும் தபரேஸ்தான். அவனுக்கோ தலை கொள்ளாத முடி! வழுக்கையனுக்கு ஒரு மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டு, மைக் முன்னால் உட்கார்ந்து, கார் இடிக்கும்போது கத்துவதற்காக, "அரே பாப்ரே, செத்தேண்டா!" என்று அலறினான். அலறிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு ஒரு காலை, டேனரியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கி விழுந்தவனைத் தூக்க இறங்கி, விஷவாயு அடித்து, தபரேஸ் நிஜமாகவே போய்ச் சேர்ந்தான். முப்பத்தொரு வயது.

லோடரை அன்றே எடுத்திருக்க வேண்டும். ஜோவினுக்குக் கை வரவில்லை. எடுத்தால் அவனை இன்னொரு முறை புதைப்பது போலிருந்தது. எடுக்காமல் விட்டால், பையன்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை அவனைக் கொன்றார்கள். ஒவ்வொரு அலறலுக்கும் ஜோவின் எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவான். ஆனாலும் அந்தக் குரல் கேட்காத நாளில் சாப்பாடு இறங்கவில்லை. பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்ய?

ஒரு மத்தியானம் ரஷீத் அஹமது வந்தான். தபரேஸின் மனைவி வஜீதாவுக்குத் தம்பி.

"அக்கா இத்தாவுல இருக்குது, தெரியுமில்ல? புருஷன் மவுத்தான பொறவு நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டக் கூடாது. ஜன்னல் கீழ வந்து உங்க பசங்க மச்சான் மாதிரியே 'செத்தேண்டா'ன்னு கத்துதுங்க. பாவம், வெளிய வந்து வெரட்டவும் முடியாது. காதைப் பொத்திக்கினு உக்காந்துக்குது. எடுத்துடு ஜோவின்."

ஜோவினுக்குத் தலை நிமிரவில்லை. அப்போதே பையன்களை விரட்டிவிட்டு, நான்கு சிஸ்டத்திலும் லோடரை எடுத்தான், ஃபோல்டரையும் அழித்தான். பிறகு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். ஒன்று, இரண்டு, நான்கில் வழுக்கையன் பழைய வெள்ளைச் சட்டையோடு ஏதோ வெளிநாட்டுக் குரலில் திட்டினான். மூன்றாம் நம்பரிலும் வெள்ளைச் சட்டைதான். இடித்தான்.

"அரே பாப்ரே, செத்தேண்டா!"

சட்டை போயிருந்தது. குரல் போகவில்லை.

ஜோவின் பிளக்கையே பிடுங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் கண்ணை மூடினால் அந்தக் குரல். பக்கத்து டேனரியில் தோலைப் புரட்டும் டிரம் சுற்றினால் அதற்குள்ளும் அந்தக் குரல். எட்டு நாள் அந்தச் சிஸ்டத்தின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவைத்து, அதற்கு முதுகு காட்டாமலே உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் நாள் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. குரல் பதிந்த அன்று, லோடர் ஓடுமோ ஓடாதோ என்ற அவசரத்தில், முதல் வெள்ளோட்டமாக, மூன்றாம் நம்பரில்தான் தபரேஸின் குரலை விளையாட்டின் சொந்த ஃபைலுக்குள்ளேயே திணித்திருந்தான். பழைய ஃபைலுக்கு நகலும் எடுத்துவைக்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவன் பதறிச் செய்த காரியம் இப்படி ஒட்டிக்கொண்டது. சிஸ்டத்தை மொத்தமாக ஃபார்மேட் செய்தால்தான் போகும்.

பேய் இல்லை என்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, கூடியது. மற்றதையெல்லாம் அழித்தாயிற்று. தபரேஸ் என்ற மனுஷனின் குரல் உலகத்தில் மிச்சமிருப்பது இந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான். ரஷீத்திடம் உண்மையைச் சொன்னான். அழிப்பதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

இத்தா முடிந்த மறுநாள், வஜீதா தம்பியோடு படியேறி வந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் வெளியே வைத்த முதல் அடி அது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"உக்காருங்க பாபி," என்றான் ஜோவின். தபரேஸ் வீட்டு உருதுவில் அண்ணி என்று அர்த்தம்; அவளை அவன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான்.

"அழிக்கிறதுக்கு முன்னால ஒருக்கா கேக்கணும்ணா. எங்க போன்ல கூட அவரு கொரல் இல்ல."

பெட்ஷீட்டை எடுத்தான். விளையாட்டு தொடங்கியது. தெருக்கோடியில் வழுக்கையன் நடந்து வந்தான்.

"இடிச்சாத்தான் பேசும், பாபி," என்றான், திரையைப் பார்த்தபடி.

"அய்யோ, வேணாம்," என்றாள் வஜீதா. "வண்டிய நிறுத்துங்க. சும்மா பாத்துட்டுப் போறேன்."

காரை நடைபாதையை அடைத்து நிறுத்தினான். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழுக்கையன் நிதானமாக வந்து, காரில் முட்டி, ஓரடி பின்னால் போய், மறுபடி முட்டினான். பிறகு வாயைத் திறந்தான்.

"வழிய வுடு தோஸ்த். நேரமாவுது. வூட்ல தேடுவாங்க."

இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத பேச்சு. எப்படிக் கேட்கும்? எந்தப் பையன் அவனுக்கு முன்னால் காரை நிறுத்தினான்? வந்தான், இடித்தான், போனான். வழி மறித்தால் பேசுவதற்கென்று ஒரு பேச்சு உள்ளே இருந்ததையே ஜோவின் மறந்திருந்தான். இப்போது நினைவு வந்தது. அன்றைக்கு அலறி முடித்துவிட்டு தபரேஸ் எழுந்து கிளம்பினான். இன்னும் ஒன்று பேசிவிட்டுப் போ என்று ஜோவின் வாசலில் குறுக்கே நின்றுகொண்டான். மைக் ஓடிக்கொண்டிருந்தது; அதில் பதிந்ததை ஜோவினேதான் பிறகு, வழி மறித்தால் பேசும்படி சேர்த்துவைத்தான். இது நடிப்பில்லை, நிஜமாகவே தபரேஸ் சொன்னது.

"நாந்தான் பாபி மறிச்சேன்," என்றான்.

வஜீதா அவன் பக்கம் திரும்பவில்லை. வழுக்கையன் மறுபடி முட்டினான்.

"வழிய வுடு தோஸ்த். நேரமாவுது. வூட்ல தேடுவாங்க."

"வூட்லதானே இருந்தேன்," என்றாள் அவள், திரையைப் பார்த்து. "நாலு மாசம் பத்து நாளும் வூட்லயேதானே இருந்தேன்."

ரஷீத் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வழுக்கையன் மூன்றாம் தடவையும் அதையே சொன்னான்.

"அண்ணா," என்றாள் வஜீதா, "வண்டியப் பின்னால எடுங்க."

ஜோவின் ஒரு விரலால் பட்டனை அழுத்தினான். கார் பின்னால் நகர்ந்தது. வழுக்கையன் ஒன்றும் பேசாமல் அவர்களைக் கடந்து, வெள்ளைச் சட்டை முதுகு தெரிய நடந்து, தெருமுனையில் திரும்பினான். அவள் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டாரா?"

"போய்ட்டான், பாபி."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப அழிச்சிடுங்கண்ணா."