கபேயின் வழுக்கைத் திட்டுகள்

என் கணவர் டோரோ இறந்த நான்காவது மாதத்தில் அவருடைய நாய்க்கு முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் முன்னங்கால் முட்டிகளில் காசளவு வழுக்கை. பிறகு தாடைக்குக் கீழே. கிறிஸ்துமஸ் வருவதற்குள் வயிறு முழுக்க மொட்டையாகிச் செக்கச்செவேலென்று தெரிந்தது. காப்பி நிறம் என்பதால் அவர் வைத்த பெயர் கபே. வாசல் கதவருகே வெறும் தரையில் படுத்து, நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தது.

"பாவம், எசமானை நெனச்சு உருகுது" என்றார்கள் எல்லோரும். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கருப்பு உடுத்திக்கொண்டு நான் ஒருத்தி மட்டும் வாடவில்லை, வீட்டில் இன்னொரு உயிரும் இருக்கிறது என்று தோன்றும்.

டோரோவின் அக்கா லியோநிலாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

"பெர்ப்பி, ஜூன்ல வருஷ ஜெபம். நீ கருப்பு கழட்டற நாள். நாப்பது பேர் வந்து சாப்பிடற வீட்ல இந்தச் சொறிநாயா வரவேற்கும்? அதுக்குள்ள சரியாகலேன்னா நாய் புடிக்கிற நகராட்சி வண்டியில ஏத்திடுவேன். அப்புறம் அழாதே."

வீடு அக்கா தம்பி இருவருடைய அப்பா கட்டியது. சொன்னால் செய்கிறவள்.

கொய்யா இலையைக் கொதிக்கவைத்துக் குளிப்பாட்டினேன். வினிகர் தடவினேன். எதிர்வீட்டு டாமியான், வாடகைக்கு டிரைசிகிள் வண்டி ஓட்டுகிறவன், ஒருநாள் டப்பாவோடு வந்தான்.

"எஞ்சின்ல இருந்து வடிச்ச பழைய ஆயில், மேடம். பூசி வெயில்ல விடுங்க. நம்ம தெருவுல எத்தனை நாய் பொழச்சிருக்கு தெரியுமா?"

"செத்தது எத்தனை?"

"அதை யார் எண்ணறது!"

சிரித்துக்கொண்டே பூசிவிட்டுப் போனான். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். கபே அதை நக்கி இரண்டு நாள் வாந்தி எடுத்தது. அந்த இரண்டு நாளும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

பிறகுதான் கால்நடை டாக்டரிடம் போனேன். டாக்டர் வில்லாமோர் சின்னப் பெண். ஆயில் விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிளேடால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்.

"சொறிப்பூச்சி இல்லை. இருந்தா வீட்டு ஆளுக்கும் ஒட்டும். உங்களுக்கு அரிக்குதா?"

"இல்ல."

"தெள்ளுப்பூச்சியும் இல்லை. படர்தாமரை இருக்கான்னு முடியை அனுப்பறேன்."

அரிப்புக்கு மாத்திரை கொடுத்தாள். இரண்டு வாரம் அடங்கியது, மாத்திரை முடிந்ததும் திரும்பியது. படர்தாமரையும் இல்லை என்று வந்தது. மறுபடி போனேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், மீன் தலையை நிறுத்துங்கள் என்றாள். டோரோ ஊட்டிப் பழக்கிய மீன் தலை. அதையும் நிறுத்தினேன். கபே எட்டு வாரம் என்னை முறைத்துக்கொண்டு வெறும் சோறும் கோழியும் தின்றது. ஒரு முடிகூட முளைக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது, தைராய்டாக இருந்தால் இத்தனை அரிப்பு இருக்காது, எதற்கும் பார்ப்போம் என்று ரத்தம் எடுத்தாள். அதிலும் ஒன்றும் இல்லை என்று பிறகு வந்தது.

"டாக்டர், எல்லாரும் அது துக்கம்கறாங்க" என்றேன் அன்று தாங்க முடியாமல்.

"துக்கப்படற நாய் சாப்பிடாது மேடம். இது உங்க பையிலேயே மூக்கை விட்டிருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

நான்காம் முறை போனது ஏப்ரலில். ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் கபேயைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டித்தான் கூட்டிப்போவேன். அழுக்கு நாயை டாக்டர் முன்னால் கிடத்துவது எங்கள் பக்கத்தில் மானக்கேடு. அன்று டாமியான் சீக்கிரமே வந்து ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டதால், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் கபேயை மல்லாத்தினாள். ஈரப் பஞ்சால் வயிற்றைத் துடைத்தாள். பஞ்சு சிவப்பானது.

"ரத்தமா?" என்று அலறினேன்.

"மோந்து பாருங்க."

மோந்தேன். மண்ணெண்ணெய் கலந்த அந்த வாசனை என் கைக்குத் தெரிந்த வாசனைதான். தரைக்குப் போடும் சிவப்பு மெழுகு.

"வீட்ல எத்தனை நாளுக்கு ஒருதரம் மெழுகு போடுவீங்க?"

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை."

"எப்பலேருந்து?"

டோரோ இருந்தவரை எங்கள் தரை வெறும் சிமெண்டுதான். அடக்கம் முடிந்ததும், ஒன்பது நாள் ஜெபத்துக்கு ஆட்கள் வருவார்கள் என்று லியோநிலா ஒரு டின் மெழுகு கொண்டுவந்து போட்டாள். அதற்கப்புறம் நான் விடவில்லை. அரைத் தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து, இடுப்பு வலிக்க வலிக்கத் தேய்ப்பேன். அவர் இருந்தபோது வீட்டில் இருக்கும் நாள் சனிக்கிழமை. அந்த இரண்டு மணி நேரம் எதையும் நினைக்க வேண்டியிருக்காது.

"தரையில படற இடம் மட்டும்தான் கொட்டியிருக்கு பாருங்க. முட்டி, தாடை, வயிறு. முதுகுல ஒண்ணுமில்லை. முதல் தடவையே குளிப்பாட்டாம கொண்டுவந்திருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேன்" என்றாள். "தோல் ஒவ்வாமை. மெழுகை எடுத்திடுங்க, முடி வரும்."

ஆறு மாதம். எஞ்சின் ஆயில், வாந்தி, மீன் தலை, நான்கு தடவை டாக்டர். கடைசியில் நான்தான்.

கபேயைக் கொல்லையில் கட்டிப்போட்டு, வெந்நீரும் சலவைத்தூளும் ஊற்றி, மழுங்கிய கத்தியால் மூன்று நாள் சுரண்டினேன். மெழுகு நகத்துக்குள் போய் அடைத்துக்கொண்டது. நாலாம் நாள் லியோநிலா வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது? டிரைசிகிள் ஷெட்டா? ஜெபத்துக்கு வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"கால் வழுக்காம நடப்பாங்க."

"ஒரு நாய்க்காகத் தம்பியோட வீட்டை அலங்கோலம் பண்ணிட்டே."

"அவர் இருந்தப்ப இப்படித்தாங்க்கா இருந்தது."

அவள் கபேயின் வயிற்றைக் காலால் லேசாகத் திருப்பிப் பார்த்தாள். "ஜூன் வரைக்கும் பார்க்கலாம்" என்று போய்விட்டாள்.

மே கடைசியில் முட்டியில் பூனைமயிர் மாதிரி ஏதோ தெரிந்தது. ஜூனில் வயிறு மூடிவிட்டது. நகராட்சி வண்டிப் பேச்சை அதன்பின் லியோநிலா எடுக்கவில்லை.

வருஷ ஜெபம் முடிந்து, நான் கருப்பைக் கழற்றி வெள்ளை ரவிக்கை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, நூடுல்ஸ் தட்டோடு நின்ற டாமியானின் மனைவி கண்ணீரோடு கபேயைக் காட்டினாள்.

"பாருங்க, அதுவும் இன்னிக்குத் துக்கத்தை எறக்கிடுச்சு!"

"துக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. தரை மெழுகு" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க மேடம், வாயில்லா ஜீவன்."

நாற்பது பேரில் ஒருவர்கூட நான் சொன்னதை நம்பவில்லை. டோரோவின் மேல் அந்த நாய்க்கு எத்தனை பாசம் என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். கபே ஒவ்வொருவர் காலடியாகப் போய் உட்கார்ந்து, தட்டிலிருந்து விழுந்ததையெல்லாம் தின்றுகொண்டிருந்தது. அது அவருக்காக வாடியது என்று ஏப்ரல் வரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இனி அவருக்காக வாடுகிற வேலையை நான் தனியாகத்தான் செய்ய வேண்டும். எரிச்சலாக இருந்தது. போய் இன்னொரு தட்டு நூடுல்ஸை அதன் முன்னால் வைத்தேன்.