நான்காம் படத்தின் கைகள்

தனுஷ்கோடியின் கண்ணில் பட்ட எந்தப் பருவும் தப்பியதில்லை. திருத்தங்கலில் முனியராஜின் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடங்களாகக் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் படம் திருத்துகிறவர் அவர். மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் குழந்தையின் கன்னத்தில் கொசுக்கடி இருந்தால் எடுத்துவிடுவார். ஒரு நகைக்கடை முதலாளியம்மாவின் கருவளையத்தை அவர் துடைத்த துடைப்பில், அந்தம்மா காலண்டரைப் பார்த்துவிட்டுத் தங்கச்சியின் படத்தை ஏன் போட்டீர்கள் என்று சண்டைக்கு வந்ததாக ஒரு கதை உண்டு. முருகனே நேரில் வந்து உட்கார்ந்தாலும் முகத்தைக் கொஞ்சம் துடைத்துத்தான் அனுப்புவார் என்று அச்சகத்தில் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

புத்தாண்டு முடிந்து காலண்டர் சீசன் படுத்துவிட்டது. மிஷினும் ஆட்களும் சும்மா இருக்க வேண்டாமென்று முனியராஜ் ஒரு புது வேலையைப் பிடித்துவந்தார். ஏதோ ஒரு மருத்துவ ஆய்விதழ். அதில் வெளியிட ஏற்றுக்கொண்ட கட்டுரைகள் இங்கே வரும். எழுத்து ஒரு ஃபைல், அட்டவணை ஒரு ஃபைல், படங்கள் தனித்தனி ஃபைல். எல்லாவற்றையும் இதழின் அளவுக்குப் பக்கமாக்கி, எழுதியவருக்குச் சரிபார்க்கப் புரூஃப் அனுப்பி, அவர் சரி என்றதும் இதழ்க்காரர்களுக்கு அனுப்பவேண்டும். எழுத்தைப் பார்க்க இரண்டு பெண்கள் இருந்தார்கள். படமென்றால் தனுஷ்கோடிதான், அதில் இரண்டாம் பேச்சு கிடையாது. படங்களில் அளவைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று இதழ்க்காரர்கள் நான்கு பக்கத்துக்கு விதி எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாளை முனியராஜ் தன் மேஜை டிராயரில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்.

மூன்றாவதாக வந்த கட்டுரை விருதுநகர் தோல் மருத்துவர் சுகிர்தா எழுதியது. பட்டாசு வேலை செய்யும் பெண்களின் கைகளை வெடிமருந்துத்தூள் என்ன செய்கிறது என்பது விஷயம். நான்கு வருட உழைப்பு, அவருடைய முதல் கட்டுரை. கூடவே ஆறு படங்கள். ஆறு பெண்களின் கைகள் மட்டும், முகமில்லை, பெயரில்லை. வெடித்த தோல், வெள்ளைத் திட்டு, கறுத்த நகம், விரலிடுக்கில் புண்.

தனுஷ்கோடிக்கு மனசு கேட்கவில்லை. நாலு பேர் பார்க்கிற புத்தகத்தில் ஒரு பொம்பளையின் கையை இந்தக் கோலத்திலா போடுவது? யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு பகல் முழுக்க டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்தார். வளையலை விட்டார், பச்சை குத்தியதை விட்டார், மற்றதையெல்லாம் துடைத்தார். நான்காம் படம்தான் ரொம்பப் பாடு படுத்தியது. அதை மட்டும் முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. முடித்து, எப்போதும் செய்வதுபோல அதே ஃபைலின் மேலேயே சேமித்துவிட்டு, யாரோ ஒரு தாய்க்கு நல்லது செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

புரூஃப் சுகிர்தாவுக்குப் போனது. நோயாளிகளுக்கு நடுவே அவர் அதைக் கைப்பேசியில்தான் படித்தார். எண்களைப் பார்த்தார், அட்டவணைகளைப் பார்த்தார், தன் பெயரை மூன்று தடவை பார்த்தார். படங்கள் தீப்பெட்டிப் படம் அளவுக்குத் தெரிந்தன. எழுதியவர்களுக்கு எழுத்தின்மேல்தான் கண் போகும். சரி என்று பதில் போட்டுவிட்டார்.

ஆனால் அச்சேறும் முன்னால் காட்டுகிறேன் என்று அந்த ஆறு பெண்களுக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை புரூஃபைத் தாளில் எடுத்துக்கொண்டு முதலில் நாரணாபுரத்துப் பஞ்சம்மாள் வீட்டுக்குப் போனார். நான்காம் படம் பஞ்சம்மாளின் கைகள். அவர் தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார், பிறகு இது என் கையில்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினொரு மணிக்கு இருவரும் ஒரே ஸ்கூட்டரில் அச்சகத்தில் வந்து இறங்கினார்கள்.

சுகிர்தா குரலை உயர்த்தவில்லை. தன் மடிக்கணினியைத் திறந்து அசல் படத்தைக் காட்டினார், பக்கத்தில் புரூஃபை வைத்தார். முனியராஜ் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். வழியிலேயே இதழின் ஆசிரியரிடம் பேசியாகிவிட்டது என்றார் சுகிர்தா. ஏற்றுக்கொண்ட கட்டுரையில் படம் மாறியிருக்கிறது, அதற்கு எழுதியவரே சம்மதமும் கொடுத்திருக்கிறார். இப்போது வேறு படம் வருகிறதென்றால் எது நிஜம் என்று அவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? நல்ல கைகளில் டாக்டர் புண்ணை வரைந்தாரா, புண்ணை யாராவது அழித்தார்களா? மாற்றியவர் இன்னதை மாற்றினேன் என்று கையெழுத்துப் போட்டு இன்று நான்கு மணிக்குள் அனுப்பவேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் கட்டுரை இதழிலிருந்து எடுக்கப்படும், சுகிர்தாவின் மேல் விசாரணை வரும்.

முனியராஜ் டாக்டரை உட்காரச் சொல்லிவிட்டு, சாஃப்ட்வேர் தானாகச் செய்த கோளாறு என்று எழுதிவிடலாமே என்றார். வளையலை விட்டுவிட்டுப் புண்ணை மட்டும் பொறுக்கும் சாஃப்ட்வேரை எந்த ஆசிரியர் நம்புவார் என்று சுகிர்தா கேட்டார்.

அதுவரை வாசலருகே நின்றிருந்த பஞ்சம்மாள் அப்போதுதான் பேசினார். "பத்து வருசமா கம்பெனில சொல்லிக்கிட்டிருக்கேன். தூளு பட்டுத்தான் இப்பிடி ஆகுதுன்னு. வீட்டுல சோப்புப் போட்டுத் தொவைக்கிறதுனாலன்னு சொல்றாக. இந்த டாக்டரம்மா ஒருத்தவுகதான் கையத் தொட்டுப் பாத்து நம்புனாக. இந்தப் படமும் இல்லன்னா எனக்குன்னு சொல்ல என்ன இருக்கு?"

இத்தனை வருடத்தில் தனுஷ்கோடி துடைத்த முகங்கள் எத்தனையோ. எதுவும் எழுந்து வந்து அவர்முன் நின்றதில்லை. இப்போது அவர் துடைத்த கைகள் வந்து நிற்கின்றன. பேசாமல் இருந்தால் முனியராஜ் எப்படியாவது சமாளித்துவிடுவார் என்பதும், வாயைத் திறந்தால் இந்த ஊரில் எந்த அச்சகமும் தன்னை நம்பிப் படம் கொடுக்காது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"நாந்தான் எடுத்தேன் டாக்டரம்மா. ஆறு படத்துலயும். நானே எழுதித் தாரேன்."

ஊழியர் ஒருவர் என்று போட்டால் போதும், பெயர் வேண்டாம் அண்ணே என்று முனியராஜ் காதோரம் சொன்னார். தனுஷ்கோடி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கணினியில் டாக்டர் கொண்டுவந்த அசலையும் தன் கைவேலையையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். எந்தப் படத்தில், எந்த விரலில், எதை எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். சுகிர்தா ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தார். மூன்று படங்கள் முடியும்போது மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. சாப்பிடப் போக யாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் படத்தில் ஓரிடத்தில் அவர் தடுமாறினார். இடது உள்ளங்கை ஓரத்தில் ஒரு கறுப்பு. அது அழுக்கா, புண்ணா? எடுத்தது ஞாபகமிருந்தது, என்னவென்று தெரியவில்லை. பஞ்சம்மாள் பக்கம் திரும்பி, "தாயி, கையக் கொஞ்சம் இங்கன காட்டுறீகளா?" என்றார்.

பஞ்சம்மாள் வந்து மேஜைமேல் இரு கைகளையும் விரித்து வைத்தார். தனுஷ்கோடி குனிந்து பார்த்தார். திரையில் அதே கையை எட்டு மடங்கு பெரிதாக்கி மணிக்கணக்கில் பார்த்தவர்தான். அப்போது அது அவருக்குத் திருத்தவேண்டிய படம். இப்போது அந்த வெடிப்புக்குள்ளே ஈரம் தெரிந்தது. மேஜையின் விளிம்பு பட்டதும் விரல் சட்டென்று மடங்கியது. கறுப்பு, பழைய தீக்காயம். அதையும் எழுதச் சொன்னார்.

மூன்றரை மணிக்குக் கடிதம் முடிந்தது. அடியில் தன் பெயரையும் அச்சகத்தின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அசல் படங்களோடு அது போனது. நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, அசல் படங்களே வரும், கட்டுரை இந்த இதழிலேயே இருக்கும். இனி படங்களை மட்டும் வேறிடத்தில் பார்த்துக்கொள்கிறோம். சுகிர்தா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முனியராஜ் எழுந்து வெளியே போனார். நாளை என்ன சொல்வாரோ, அது நாளைக்கு.

கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று பஞ்சம்மாள் கேட்டார். சுகிர்தா தமிழில் படித்துக் காட்டினார். கடைசி வரியில், பார்க்க நன்றாக இல்லை என்று நினைத்து அழித்தேன் என்று இருந்தது.

"அசிங்கமா இருக்குன்னு நெனச்சீகளாக்கும்?" என்று பஞ்சம்மாள் தனுஷ்கோடியைக் கேட்டார்.

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையசைத்தார்.

பஞ்சம்மாள் கோபப்படவில்லை. கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் அப்பிடித்தாண்ணே இருந்துச்சு. டாக்டரம்மா கேட்டதுக்கப்புறம், படம் எடுக்கக் கைய நீட்ட எனக்கு ஒரு வருசம் ஆச்சு."