தெற்கை மடித்தால் வடக்கு

"சார், கட்டுரையிலேருந்து என் பேரை எடுத்துடுங்க."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர் மோகனப்ரியா அக்கா சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அச்சில் வரப்போகும் பேரை எடுக்கச் சொல்லும் கொழுப்பு வேறு யாருக்கு வரும்?

"என்னம்மா கவிப்பிரியா, வீட்ல சண்டையா?" என்றார் பேராசிரியர் சிவப்பிரகாசம். இந்த ஆராய்ச்சிக்காகத் திருத்தணி பைபாஸில் அவர் வாடகைக்கு எடுத்திருக்கும் அறை அது.

"மேப்போட சண்டை சார்."

முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கிய காலத்து ஹைட்ரஜனின் ரேடியோ முனகலைப் பிடிக்க எங்கள் கொல்லையில் ஆண்டெனா வைத்திருக்கிறோம். அதற்கு எந்தத் திசையில் எவ்வளவு காது கேட்கிறது என்று தெரியாவிட்டால் பிடித்ததெல்லாம் குப்பை. ட்ரோனில் டிரான்ஸ்மிட்டரைக் கட்டிப் பறக்கவிட்டு அளந்து மேப் போட்டோம். தெற்குப் பாதியை மட்டும். வடக்கே கோயில் மலை. அந்தப் பக்கம் பறக்க அனுமதி கிடைக்கவில்லை. சார் தெற்கை அப்படியே மடித்து வடக்கில் ஒட்டிவிட்டார், புடவைக்கு இரண்டு பக்கமும் ஒரே பார்டர் போல.

வடக்கில் இருப்பதோ எங்கள் பம்ப் ஷெட். தகரக் கூரை. "இதைவிட அமைதியான இடம் கிடைக்காது சார்" என்று அடித்துப் பேசி அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்த அறிவாளி நானேதான். தகரத்தில் ரேடியோ அலை பட்டுத் திரும்பும் என்று பரீட்சையில் எழுதி முதல் வகுப்பு வாங்கியவள். கூரை தகரம் என்பதும் பிறந்ததிலிருந்தே தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் மூளை போதவில்லை. ரேடியோ அலைகளை வாரி வீசும் சிக்னஸ் என்ற வான்பொருள் வடக்கு வானத்தைக் கடந்தபோது, மேப் சொன்னதைவிட அதிகமாகப் பதிவானது. அப்போதுதான் உறைத்தது.

"சின்ன வித்தியாசம்மா."

"நாம தேடுறது அதவிடச் சின்னது சார். எங்க தகரத்தைப் புடிச்சு பிரபஞ்சம்னு எழுதியிருக்கோம்."

"உங்கப்பா கனகம்மாசத்திரம் பூரா சொல்லிக்கினு இருக்காராம், பொண்ணு பேர் வருதுன்னு. அவருக்கு என்ன பதில் சொல்லுவே?"

சொல்லியாகிவிட்டது. "அவ்ளோ பெரிய வானம்மா, நம்ம ஷெட்டு என்னாத்துக்குக் குறுக்கால வருது?" என்று கேட்டார் நைனா.

"பேர் இல்லன்னா உன் ஃபெல்லோஷிப்பை நீட்டிக்க மாட்டாங்க. தெரியும்ல?"

"ஆங், தெரியும் சார்."

"போய் ஒரு டீ குடிச்சிட்டு யோசிச்சு வா."

"யோசிச்சாச்சு சார். மேப் தப்புன்னு கட்டுரைல பேர் இருக்கிற எல்லாருக்கும் காலைலயே மெயில் போட்டுட்டேன். உங்களுக்கும்தான்."

அவர் கை மவுஸைத் தேடியது. இதை வீரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் அந்த மெயிலைப் படிக்கும்போது எதிரில் நிற்கப் பயமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.