இண்டர் பெயில்

...எது கஷ்டம் என்று கேட்டால் என்ன சொல்வது, ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய கேள்வியா அது, ஆனால் அப்பாவுக்கு எல்லாமே ஒரு வரியில் வேண்டும், முப்பது வருஷம் போலீஸில் வாக்குமூலம் எழுதி எழுதிப் பழகிய கை, கார்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். அருளப்பன் சட்டைப்பையில் இருந்த கார்டை வெளியே எடுக்காமலே விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான், எடுத்துப் படிக்க வேண்டியதில்லை, மூன்று நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது, பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட அவனுக்கு இப்படி மனப்பாடம் ஆனதில்லை. 'உன் தங்கை இன்பம் எஸ்.எஸ்.எல்.சி.யில் எலிஜிபிள் ஆகிவிட்டாள். பெண்கள் காலேஜில் சேரவேண்டும் என்கிறாள். விண்ணப்பம் பூர்த்தி செய்து வைத்திருக்கிறாள், சனிக்கிழமைத் தபாலில் போகவேண்டும். பள்ளிக்கூடப் படிப்பைவிடக் காலேஜ் படிப்பு எவ்வளவு கஷ்டம் என்பது இந்த வீட்டில் உனக்குத்தான் தெரியும். நேரில் வந்து சொல். உன் சொல்தான் முடிவு.' கீழே கையெழுத்து, சூசை, ஏட்டு, ஓய்வு... மகனுக்கு எழுதுகிற கார்டில்கூட உத்தியோகத்தை விட்டுவிட மனசு வராது அவருக்கு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ராஜபாளையத்தில் கரி பஸ் இன்னும் கிளம்பவில்லை, யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் ஏது, பின்னால் தொங்குகிற தகர அடுப்பில் கரியைக் கொட்டி கிளீனர் வீரணன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டேயிருந்தார், கரி பிடித்தால்தான் வண்டி, பிடிக்காமல் போனால் எவ்வளவு நல்லது, சனிக்கிழமை தானாகத் தாண்டிவிடும், யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியிருக்காது.

பிடித்துவிட்டது. புகையும் இருமலுமாக பஸ் நகர்ந்தது, இடது பக்கத்து மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது, ஆனி மாதத்துக் காற்று ஈரத்தோடு முகத்தில் அடித்தது, கண் தானாகச் சொருகியது. ஆறாம் பாரம், அதுதான் எஸ்.எஸ்.எல்.சி., படித்த வருஷம் இப்படி ஒரு காற்று வீசியிருக்குமா, வீசித்தான் இருக்கும், அவனுக்குத்தான் தெரியவில்லை. அந்த வருஷம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பினதே இல்லை, விடியற்காலை நாலு மணிக்கு ரோந்து முடிந்து வருகிற அப்பா வீட்டுக்குள் நுழையுமுன் ஜன்னல் கம்பியில் லத்தியால் ஒரு தட்டுத் தட்டுவார், உள்ளேயிருந்து வாய்விட்டுப் படிக்கிற சத்தம் உடனே வரவேண்டும், வராவிட்டால் அடுத்த தட்டு எங்கே விழும் என்று சொல்லவேண்டியதில்லை. கணக்கு வாத்தியார் ஒரு கணக்கு தப்பினால் இருபது தடவை எழுதச் சொல்வார், எழுதி எழுதி நடுவிரலில் காய்த்துப்போய் இருந்தது. அம்மா சந்தனமேரி செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாருக்கு உப்பில்லாமல் சாப்பிட்டாள். பரீட்சை எழுதினவர்களுக்கெல்லாம் மார்க் போட்ட புத்தகம் கையில் வந்துவிடும், ஆனால் காலேஜில் கால்வைக்கத் தகுந்தவன் என்று பட்டியலில் பேர் வந்தால்தான் எலிஜிபிள், அந்தப் பட்டியலில் அவன் பேர் வந்த அன்றைக்கு அப்பா யூனிபாரத்தோடு கோவிலுக்குப் போய் முழந்தாளிட்டார். அப்போது இன்பத்துக்கு வயது பதினைந்து, அந்த மார்க் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள், தான் படித்து வாங்கினது போல.

அதற்குப் பிறகு பாளையங்கோட்டைக் காலேஜில் இண்டர்மீடியட், இரண்டு வருஷம்... பாளையங்கோட்டை என்று நினைத்தால் அவனுக்கு வகுப்பறை நினைவுக்கு வருவதில்லை, ஆறுதான் வருகிறது. காலையில் ஆற்றுக்குப் போனால் மருதமரத்து நிழலில் கழுத்தளவு தண்ணீரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் ஜன்னலில் தட்டப்போவதில்லை. புரபசர் வருவார், பேர் கூப்பிடுவார், பிரசண்ட் சார் என்றால் போதும், பிறகு கையிலிருக்கிற தாளைப் பார்த்து முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் வாசிப்பார், போய்விடுவார், படித்தாயா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டதுண்டா? முதல் மாதம் அவர் வாசித்தது ஒன்றுமே புரியவில்லை, வீட்டுக்கு எழுதினான், பாடம் மிகவும் கடினமாக உள்ளது. அது பொய்யில்லை. இரண்டாம் மாதம் அவன் கவனிப்பதை விட்டுவிட்டான், புரியவில்லையே என்ற கவலையும் நின்றுபோயிற்று, ஆனாலும் கார்டில் எழுத வேறு என்ன இருக்கிறது, பாடம் மிகவும் கடினமாக உள்ளது, மூன்றாம் மாதமும், நாலாம் மாதமும், இரண்டு வருஷமும். பதிலுக்கு இன்பம் எழுதுகிற கடிதம் எப்போதும் ஒரே மாதிரி தொடங்கும், கஷ்டப்பட்டுப் படிக்கும் அண்ணனுக்கு. அம்மா செவ்வாயோடு வெள்ளியையும் சேர்த்துக்கொண்டாள் என்று அதில்தான் தெரிந்தது. அதைப் படித்த அன்றைக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே இருந்தது, அன்று மாலை ஆற்றுக்குப் போகவில்லை, மறுநாள் போனான்.

எங்கே வந்திருக்கிறோம், புளியமரம் புளியமரமாகப் போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் மாம்பழக் கூடையை மடியில் வைத்திருந்த வெள்ளத்தாய் என்கிற கிழவி எங்கே இறங்கணும் என்று கேட்டாள், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றான். பத்து நாளுக்கு முன்னாலேயே இறங்கியிருக்கவேண்டியது. ரிசல்ட் பேப்பரில் அவன் நம்பர் இல்லை என்று தெரிந்த அன்றைக்கு ரயில் ஏறினவன் ஒரு ஸ்டேஷன் முன்னதாக ராஜபாளையத்தில் இறங்கி மாமா வீட்டுக்குள் புகுந்துகொண்டான், பெயில் என்று அங்கிருந்தே ஒரு கார்டு போட்டான். மாமா பொன்னுராஜ் பஞ்சுமில் ஆபீஸில் இருக்கிறவர், எதற்கும் கலங்காத ஆள், பெயிலானதைக் கேட்டுச் சிரித்தார். "எஸ்.எஸ்.எல்.சி. பாசுன்னு தெருவுக்கு நாலு பேரு நிக்கான். இண்டர் பெயிலுன்னா அது ஒரு படிப்புல்லா. எங்க ஆபீசுல அப்படித்தான் எழுதிக்கிடுதோம்." உண்மைதான், மில் ஆபீஸ் மனுக்களில் அவனே பார்த்தான், பேர், ஊர், கீழே கம்பீரமாக இண்டர் பெயில். ஏணியில் ஏறாதவனைவிடப் பாதி ஏறி விழுந்தவனுக்கு மவுசு. ஏன் அப்படி? காலேஜ் அவ்வளவு கஷ்டம், அங்கே போய்த் தோற்பதே ஒரு தகுதி என்று உலகத்துக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு அவனுக்கு எவ்வளவு சௌகரியம். ஆமாப்பா, ரொம்பக் கஷ்டம் என்று ஒரு வார்த்தை இன்றைக்குச் சொன்னால் போதும், அவன் பெயிலானது பெயிலே இல்லை, செப்டம்பரில் மறுபடி எழுது என்று அப்பாவே சொல்லுவார், இன்பத்தின் விண்ணப்பம்தான்... அது போகாது. லேசு என்று சொன்னால் அவள் போவாள், அப்புறம் அப்பா ஏட்டுக் கண்ணால் அவனைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்பார், அப்போ நீ ஏம்லே பெயிலான?

மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ் மூச்சை விட்டது. எல்லாரும் இறங்கி நின்றார்கள், வீரணன் கம்பியை விட்டு அடுப்பைக் கிளறினார், கிளறிக்கொண்டே மேலே இருந்த அருளப்பனின் டிரங்குப் பெட்டியைக் காட்டி, வண்டி மக்கர் பண்ணாம என்ன செய்யும், கல்லா வச்சிருக்கீரு என்றார். புத்தகம் என்றான். வெள்ளத்தாய் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "அம்புட்டும் பொஸ்தகமாய்யா? அம்புட்டையும் படிச்சிட்டியா?" கேலியில்லை, நிஜமான ஆச்சரியம். அவன் ஆமென்று தலையை ஆட்டினான், ஆட்டின தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மலையைப் பார்த்தான். அந்தப் புத்தகங்கள் சீமையில் அச்சானவை, தாளை மடித்தபடியே தைத்து அனுப்பியிருப்பான், ஓரம் ஒட்டியிருக்கும், கத்தியால் கீறிப் பிரித்தால்தான் உள்ளே படிக்கமுடியும், தர்க்கசாஸ்திரப் புத்தகத்தில் சேர்ந்த வாரத்து உற்சாகத்தில் சவரபிளேடால் முதல் பதினாறு பக்கம் பிரித்தான், சரித்திரத்தில் அதுவுமில்லை, பிரிக்காத பக்கங்களோடு அவை இரண்டு வருஷமாக அப்படியே... அப்படியானால், அருளப்பனுக்கு அங்கே சாலையோரத்தில் நிற்கும்போது சட்டென்று பட்டது, காலேஜ் லேசு என்று சொல்லவும் தனக்கு யோக்கியதை இல்லை. கஷ்டமா லேசா என்று அவனுக்குத் தெரியாது. ஒரு வீட்டு வாசலில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்தவனிடம் உள்ளே எத்தனை அறை என்று கேட்கிறார் அப்பா. பள்ளிக்கூடம் கஷ்டம் என்பது மட்டும் தெரியும், அது காய்த்த விரல் சொல்லும். மற்றதற்கு நேர்மையான பதில் ஒன்றே ஒன்றுதான், எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல அப்பா எதிரில் நாக்கு வருமா? வராது, சரி, லேசு என்றாவது சொல்லிவிடுவோம், அவள் போகட்டும், அவளாவது போய்ப் பார்த்துச் சொல்லட்டும்... இந்த முடிவுக்கு வந்ததும் மனசு இலேசாகிவிட்டது, பஸ் மறுபடி கிளம்பியது, தூரத்தில் ஆண்டாள் கோவில் கோபுரம் மேகத்துக்கு அடியில் எழுந்து நின்றது, அவன் கொஞ்சம் தூங்கினான்கூட.

வீட்டில் எல்லாம் அவன் நினைத்தபடிதான் நடந்தது, கடைசி அரை நிமிஷம் தவிர. அம்மா மோர் கொடுத்தாள். இன்பம் சுவரோரம் நின்றாள், ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தனி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தே ஆறாம் பாரத்தைத் தாண்டினவள், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள், நடுவிரலைக் கட்டைவிரலால் தேய்ப்பது மட்டும் பக்கவாட்டில் தெரிந்தது, அவளுக்கும் காய்த்திருக்கிறது. மேஜைமேல் விண்ணப்பம், முத்து முத்தான எழுத்து. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஏலே, உள்ளதைச் சொல்லு. பள்ளிக்கூடமா, காலேஜா, எது கஷ்டம்?"

"பள்ளிக்கூடந்தாம்ப்பா கஷ்டம். காலேஜுல ஒண்ணுமில்ல. இன்பத்தை அனுப்புங்க."

அப்பா அவனைப் பார்த்தார், அடுத்த கேள்வி வருகிறது என்று காத்திருந்தான், வரவில்லை, கண்ணாடிக்குள் அவர் கண் கலங்கியிருந்தது. "கேட்டியா?" என்றார் அம்மாவிடம். "ரெண்டு வருசமா கஷ்டம் கஷ்டம்னு எழுதுன பய, தங்கச்சிக்குன்னதும் ஒண்ணுமில்லேங்கான். தான் பட்ட பாட்டை மறைக்கான். இவனாலயே ஏலாத இடத்துல பொம்பளப் பிள்ள போய்க் கண்ணைக் கசக்கவா? வேண்டாம்." விண்ணப்பத்தை எடுத்து இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகினார். இல்லப்பா, நான் படிக்கவே இல்ல, அவ்வளவுதான் வாக்கியம், நாலே வார்த்தை, அது தொண்டைவரை வந்துவிட்டது, அப்போதுதான் அப்பாவின் கை அவன் தோளில் விழுந்தது, அடிக்கிறதற்கல்லாமல் அந்தக் கை அவன்மேல் பட்டதாக அவனுக்கு நினைவில்லை, கனமாக, சூடாக அங்கேயே இருந்தது, அதற்குக் கீழே வாக்கியம் அமுங்கிப்போயிற்று. எவ்வளவு நாளாக இந்தக் கைக்கு ஏங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது, அதையும் அவர்கள் தப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா வாசலுக்குப் போனார், அம்மா அடுப்படிக்கு. இன்பம் அழவில்லை. பெட்டிச் சாவியைத் தா அண்ணே, புஸ்தகத்தையாவது படிச்சுக்கிடுதேன் என்றாள். மறுத்திருக்கலாம், தொலைந்துபோயிற்று என்றிருக்கலாம், அவன் கை தானாக இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தர்க்கசாஸ்திரத்தைப் பிரித்தாள், பதினாறு பக்கம் திரும்பியது, பிறகு திரும்பவில்லை. ஓரத்தை விரலால் தடவினாள். சரித்திரத்தை எடுத்தாள், மூன்றாவதை எடுத்தாள், ஒவ்வொன்றின் ஓரத்தையும் தடவினாள், அவனை நிமிர்ந்து பார்க்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்க் கத்தியோடு வந்தாள். பதினேழாம் பக்கத்தில் கத்தியை நுழைத்து இழுத்தாள், தாள் கிழிகிற சத்தம் அந்தச் சின்ன வீட்டில் நன்றாகவே கேட்டது. "என்னட்டி சத்தம் அங்க?" என்றார் அப்பா வாசலிலிருந்து. இன்பத்தின் கை நின்றது, இப்போதுதான் அவள் அண்ணனைப் பார்த்தாள், கோபமா, கேள்வியா, அவனையே பதில் சொல்லச் சொல்கிறாளா... அருளப்பனுக்கு ஒன்று மட்டும் விளங்கியது, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதற்காக அவன் பயப்படவில்லை, அவள் உள்ளதைச் சொன்னாலா, மறைத்தாலா, எது தனக்கு நிம்மதி என்பதே அவனுக்குத் தெரியவில்லை.