குடும்பப் பாங்கான சவுக்கடி

ஜொவிட்டாவுக்கு முப்பத்தெட்டு வயது. மயிலாப்பூரில் ஒரு மகளிர் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தாள். ஒழுங்குக் குழுவிலும் இருந்தாள். துப்பட்டாவுக்கு இரண்டு தோளிலும் ஊக்கு குத்தியிருக்கிறதா என்று வாசலில் நின்று பார்ப்பதுதான் அந்தக் குழுவின் தலையாய பணி. அதற்காகவே அவள் கைப்பையில் ஒரு அட்டை நிறைய ஊக்கு கிடக்கும்.

அவளுக்கு அடி வாங்கப் பிடிக்கும். கோபத்தில் விழும் அடியல்ல. பேசி வைத்துக்கொண்டு, மனம் ஒப்பி, நம்பிக்கையான கையால் வாங்குவது. இருபது வயதிலேயே இதைத் தெரிந்துகொண்டுவிட்டாள். ஒருமுறை மாதா கோயிலில், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தாள். சாமியார் ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார். அதற்கு முன்னால் தேவைக்கு மேலேயே நாலு கேள்வி கேட்டார். அதன்பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

போன ஆண்டுதான் இணையத்தில் 'நண்பர்கள் வட்டம்' கண்ணில் பட்டது. இப்படிப்பட்டவர்களுக்கென்றே சென்னையில் ஒரு குழு. சேருவதற்கு இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம். ஒன்பதாவது கேள்வி, சைவமா அசைவமா. பதினாலாவது, பூர்வீகம். வீட்டுக்கடன் வாங்கியபோதுகூட வங்கி இவ்வளவு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு தி. நகரில் ஒரு சைவ ஓட்டலின் மாடியில் கூட்டம். மாதா கோயில் பூசை முடிந்து, கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு நேரே போய்விட்டாள். உள்ளே ஆறு பேர் சாம்பார் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஸ்ரீரங்கன் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நிகழ்ச்சிநிரலை அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்.

"இது ஃபேமிலி குரூப், மேடம். கண்டவாளையும் சேர்த்துண்டா பேர் கெட்டுடும்," என்றார்.

ரகசியக் குழுவுக்குக் கெடுவதற்கு என்ன பேர் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. விதிகளை அவர் வாசித்தார். ஆண்கள் அடிப்பார்கள், பெண்கள் வாங்கிக்கொள்வார்கள்; அதுதான் நம் பண்பாடு. அடி வாங்க ஆசைப்பட்ட ஃபிரெட்ரிக் என்ற ஒல்லி மனிதர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். அவருடைய விஷயம் 'இதர அலுவல்கள்' என்ற தலைப்பில் எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் வந்தது. போன கூட்டத்திலும் அப்படித்தானாம். மெல்ல விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. எட்டு ஆண்டுகளாக இந்த வட்டத்தில் யாரும் யாரையும் ஒரு தட்டுகூடத் தட்டியதில்லை. கார் நிறுத்த வசதியுள்ள இடம் அமையவில்லை.

இதற்கு என் கல்லூரி ஆசிரியர் கூட்டமே தேவலை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், தோளில் துணிப்பையோடு உள்ளே வந்தாள்.

"பாஞ்சாலி, பார்சலை கீழயே குடுத்துட்டுப் போயிருக்கலாமே," என்றார் ஸ்ரீரங்கன். அவள் சிந்தாதிரிப்பேட்டையில் தோல் பெல்ட் தைப்பவள். வட்டத்துக்கு ஆறு சவுக்குகள் தைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

பாஞ்சாலி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பார்சல் கீது சார். அத்தோட நானும் சேரலாம்னு வந்துகீறேன். அடிக்கிறது எனக்குப் புடிக்கும். என் ஊட்டுக்காரு இருந்தப்போ அவருக்கும் புடிச்சிருந்திச்சி."

ஸ்ரீரங்கன் கடித்த வடையைத் தட்டில் வைத்தார்.

"உங்களுக்கு இது சரிப்படாதும்மா. பேக்ரவுண்டுன்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

பாஞ்சாலி பையிலிருந்த சவுக்குகளை மேசையில் வரிசையாக வைத்தாள். "இன்னா பேக்ரவுண்டு? இந்தச் சவுக்குல ஒண்ணாவது உங்க மேல பட்டுக்கீதா சார்? ஒவ்வொண்ணையும் என் தொடையில அடிச்சிப் பாத்துட்டுத்தான் முடிச்சி போட்டேன். அதோ, அந்த ரெண்டாவது சவுக்கு தோலைக் கிழிச்சிடும். முதுகெலும்பு பக்கம் போவக் கூடாது. இதெல்லாம் சொல்றதுக்குத்தான் வந்தேன்."

ஸ்ரீரங்கன் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தார். அதில் இதற்கு இடமில்லை. உறுப்பினர் சேர்க்கை இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது என்று அறிவித்தார். பத்து நிமிஷம் முன்னால்தான் ஜொவிட்டாவைச் சேர்த்திருந்தார்.

பாஞ்சாலி எழுந்தாள். ஜொவிட்டாவும் எழுந்தாள். ஃபிரெட்ரிக் வடையை ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கினார்.

தெருமுனை டீக்கடையில் பாஞ்சாலி கேட்டாள். "மேடம், உனுக்கு எவ்ளோ தாங்கும்? எங்க படக் கூடாது? முட்டி வலி, சுகர் எதுனா கீதா?"

ஜொவிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும் என்று பாஞ்சாலி கேட்டபோது, ஜொவிட்டா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். "வாயில நுழையல, பூசணின்னு வச்சிக்கலாம்," என்றாள் பாஞ்சாலி.

அடுத்த ஞாயிறு பாஞ்சாலியின் பட்டறைக்கு விடுமுறை. தோலும் பசையும் மணக்கும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பேசிவைத்தது பேசிவைத்தபடி நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு பாஞ்சாலி குனிந்து, "இன்னா, ஓகேவா?" என்று கேட்டாள். பதினொன்றாவதில் ஜொவிட்டா "பூசணி" என்றாள். அந்தக் கணமே கை நின்றது. பாஞ்சாலி தண்ணீர் கொடுத்து, முதுகில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். ஜொவிட்டா சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், பிறகு நன்றாகப் பசித்தது. வாசலில் காத்திருந்த ஃபிரெட்ரிக்கையும் கூப்பிட்டு, மூவரும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் கல்லூரியில் ஆசிரியர் கூட்டம். புதிதாகச் சேர்ந்த ஆசிரியை நிஷா, ஒரு ஆண் நண்பரோடு பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்த படத்தை இணையத்தில் போட்டுவிட்டாள். முதல்வர் அவளை எழுப்பி நிறுத்தினார். நாற்பது பேர் முன்னால் அந்தப் படம் திரையில் போடப்பட்டது. மன்னிப்புக் கேள், சத்தமாகக் கேள், இன்னொரு தடவை கேள். "போதும் மேடம்" என்றபோது நிஷாவின் குரல் உடைந்தது. வேடிக்கை பார்த்தவர்களின் முகத்தில் தெரிந்த சுகத்தை ஜொவிட்டா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் இங்கே பூசணி கிடையாது.

"மேடம், போதும்," என்றாள் ஜொவிட்டா. "அந்தப் பொண்ணு எப்பவோ போதும்னு சொல்லிட்டா. நிறுத்துங்க."

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒழுங்குக் குழுவிலேர்ந்து விலகிக்கறேன். வாசல்ல நிக்க முடியல. முதுகுவலி."

முதல்வர் ஏதோ ஒரு தைலத்தின் பேரைச் சொன்னார். காலியான இடத்துக்கு அங்கேயே மூன்று பேர் கை தூக்கினார்கள்.

நிஷா தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தாள். "நிஜமாவே முதுகுவலியா மேடம்?"

"நிஜம்தான்," என்றாள் ஜொவிட்டா. "டீ சாப்பிடப் போலாம், வா."