நடுச்சுவர் இருந்த இடம்

கூடத்தில் இருந்தவர்கள்: பாயில் தெற்கே தலைவைத்துச் செங்கல்வராயன், பிணமாக. கால்மாட்டில் அவர் மனைவி ரத்னம்மா. பக்கத்தில் அவர் தங்கை கங்கம்மாள், ஒப்பாரியை முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு. வாசற்படியில் மகன் திருமலை, வருகிற ஆண்களின் கையைத் தொட்டு மாடிக்கு அனுப்பிக்கொண்டு. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகாமல், ஆந்திர எல்லை ஊரான நகரியின் அந்தத் தெருவில் மிஞ்சிய பெண்கள் அத்தனை பேரும். மாடியில், ஓடாமல் நின்ற எட்டு மிஷின் தறிகளுக்கு நடுவே, ஆண்கள்.

மகள் தேவசேனா திருப்பதியிலிருந்து புத்தூரில் பஸ் மாறி அப்போதுதான் உள்ளே வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கும் முன் மேலே தளத்தைப் பார்த்தாள். கங்கம்மாள் அதைக் கவனித்துவிட்டாள்.

"வூட்டையா பாக்க வந்தே? ஒங்க நைனா கீழ கீறாரு."

தேவசேனா குனிந்தாள். வாயைக் கட்டியிருந்தார்கள். புருவத்தின் மேல் வெள்ளைத் தூள் கிடந்தது. மேலே யாரோ நடந்தார்கள். இன்னும் கொஞ்சம் விழுந்தது. கங்கம்மாள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

தளத்துக்குக் கொடுத்திருந்த முட்டு இல்லை. கைத்தறிகளை விற்று மிஷின் தறி வாங்கிய வருடம் செங்கல்வராயன் மாடி கட்டினார். கீழே பாவு சுற்ற இடம் வேண்டுமென்று கூடத்தின் நடுச்சுவரை இடித்தார். அந்தச் சுவர்தான் தளத்தைத் தாங்கியது. போன பொங்கலுக்கு வந்த தேவசேனா அதைச் சொன்னாள். திருப்பதியில் லாட்ஜ் கட்டுகிற இடத்தில் அவள் சூப்பர்வைசர். செங்கல்வராயன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு தாமே ஒரு கனத்த சவுக்குக் கட்டையைக் கொண்டுவந்து கூடத்து நடுவில் முட்டுக் கொடுத்தார். இப்போது அந்தக் கட்டை நின்ற இடத்தில் அவர் தலை இருந்தது.

"திருமலை, முட்டு எங்க?"

"பின்னாடி போட்டுக்கீது. நைனாவ எங்க வெக்கறது? ஜனங்க எங்க குந்தறது?"

"மேல கீறவங்கள எறங்கச் சொல்லு."

"சூப்பர்வைசரம்மா உத்தரவா? இது ஒன் லாட்ஜு இல்லக்கா. உழுந்து எலும்பு ஒடஞ்சா பக்கத்துலதான் புத்தூரு. கட்டு போட்டுக்கலாம்."

சில பெண்கள் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தேவசேனா உட்காரவில்லை. சுவரோரமாகப் போனாள். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு காலை மடக்கி வழி விட்டார்கள். ஒரு ரூபாய்க் காசால் சுவரைத் தட்டினாள். பொக்கையாகக் கேட்டது. நிலைப்படி மூலையிலிருந்து புறப்பட்ட விரிசலில் பஸ் டிக்கெட்டைச் செருகினாள். முழுதும் உள்ளே போய்விட்டது. தளத்தின் நடுவில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தது, துருவேறி.

"பொண்ணுக்கும் பங்குன்னு கெவுருமெண்ட்டு சொல்லிட்ச்சி இல்ல," என்றாள் கங்கம்மாள். "அளந்துக்கினு கீறா."

"சால்லேக்கா, போதும். குந்து," என்றான் திருமலை.

உள்ளங்கை அளவு காரை பெயர்ந்து பிணத்தின் தோளருகே விழுந்து உடைந்தது.

"எழுந்திருங்க. எல்லாரும் வெளிய போங்க. தளம் எறங்கிக்கினு கீது."

யாரும் அசையவில்லை. அவள் கட்டட வேலையில் ஆட்களை விரட்டுகிற குரலில், தெலுங்கில் கத்தினாள். "பயட்டிக்கி பொண்டி!"

ஓடினார்கள். காப்பித் தம்ளர்கள் உருண்டன. மாடிப்படியில் ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் இறங்கினார்கள். கங்கம்மாள் அண்ணனின் மார்பைத் தாண்டிக்கொண்டு போனாள். வாசற்படியில் நின்ற திருமலை தெருவுக்குக் குதித்தான். கூடத்தில் செங்கல்வராயனும் தலைமாட்டு விளக்கும் மட்டும்தான் என்று தேவசேனா நினைத்தாள். கால்மாட்டில் ரத்னம்மா அப்படியே உட்கார்ந்து, போர்வை மேல் சிதறிய காரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தளம் விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திருமலை திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது. "எங்க உழுந்திச்சி? காட்டு. ஊரே சிரிக்குது."

"உழறதுக்கு முன்னாடிதான் சொல்லணும்."

அவன் அடிக்கக் கை ஓங்கினான். பிணம் இருந்ததால் இறக்கிக்கொண்டான். ஆனாலும் உள்ளே வர ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் நான்கு பேர் பாயோடு தூக்கித் தெருப் பந்தலில் போட்டார்கள். குளிப்பாட்டல், வாய்க்கரிசி எல்லாம் தெருவில் நடந்தது. தெருநாய் ஒன்றை இரண்டு முறை விரட்ட வேண்டியிருந்தது. தேவசேனா கொடுத்த வாய்க்கரிசியை யாரும் பார்க்கவில்லை.

பாடை போனதும் அவள் தறி ஓட்டுகிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கட்டையை இழுத்துவந்து பழைய தடத்திலேயே நிறுத்தினாள். அடியில் ஆப்பு வைத்துச் சுத்தியால் அடித்தாள். எழவு வீட்டில் சுத்திச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் திருமலை ஈர வேட்டியோடு சுடுகாட்டிலிருந்து வந்தான். தலை இருந்த இடத்தில் விளக்கு வைக்க வேண்டும். அங்கே கட்டை நின்றது.

"வெளக்கு வெக்கற எடத்துல நட்டு வெச்சிக்கீறா பாரும்மா." அவன் கட்டையை உதைத்தான். அது அசையவில்லை. "நாளைக்கே புடுங்கிடுவேன்."

"கட்டை இருந்தாலும் தறி ஓட்டாதே. அதிர்வ தளம் தாங்காது."

"அப்ப நா இன்னா துன்றது? ஒன் காச வந்து தலைல கொட்டுவியா?"

ரத்னம்மா விளக்கோடு வந்தாள். கட்டைக்கு அடியில், ஆப்பை ஒட்டி வைத்தாள். ஏற்றினாள்.

"இருக்கட்டும். தொட்டே, கைய ஒடிப்பேன்," என்றாள் மகனிடம். "தறிய பின்னாடி கொட்டாய்க்கு எறக்கிட்டு ஓட்டு."

தேவசேனா மூச்சு விட்டாள்.

"நீ கெளம்பு," என்றாள் ரத்னம்மா.

"காரியம் வரைக்கும் நா..."

"நீ கத்தனதும் அவர தாண்டிக்கினு ஓடிச்சிங்க. ஒங்க அத்தை கால் அவரு மாருக்கு மேல போச்சி. நா பாத்தேன்."

"அம்மா, தளம்..."

"நீ சொன்னது நெஜந்தான். போ. கடைசி பஸ் போய்டும்."

தேவசேனா மூலையில் இருந்த பையை எடுத்தாள். திருமலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் ரத்னம்மா கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டும்.