குழியில் போட்டாச்சு

...அதுவும் ‘நிம்மதி’ என்று போட்டிருக்க வேண்டாம், ‘குழி’யோடு நிறுத்தியிருந்தால்கூட எப்படியாவது சமாளித்திருக்கலாம், நிம்மதி என்று போட்டுப் பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி வேறு... பதினோரு மணிக்கு வருகிறார்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து. ஃபோனில் பேசிய அந்த அதிகாரி அம்மாவின் குரலில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் மோசம். “ஜெயப்ரியாங்களாம்மா? வீட்ல பாப்பா இருக்குதாம்மா? நாங்க வந்து ஒரு வாட்டி பாத்துட்டுப் போறோம்.” இருக்குதா என்றால் என்ன அர்த்தம், வீட்டில் இருக்கிறதா என்றா, இல்லை... பாப்பா இதோ என் இடுப்பில் உட்கார்ந்து தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருக்கிறது, பதினோரு மாதம், இரண்டு பல். பார்க்க வருகிறார்களா, தூக்கிக்கொண்டு போக வருகிறார்களா? தூக்கிக்கொண்டு போனால் பையில் என்ன வைத்து அனுப்புவது, அந்தக் கிழிந்த யானை இல்லாமல் தூங்காது என்று யாரிடம் சொல்வது?

நேற்று மத்தியானம் வீடியோவின் மேல் போட்டது ஒரே வரி. ‘பாப்பாவைக் குழியில் போட்டாச்சு. ஒரு மணி நேரம் நிம்மதி.’ எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இதைப் படித்து ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பாவு நூல் தீர்ந்து தறி சும்மா நிற்கிற நாட்களில், நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டுக்கொள்ளும் தறிக்குழியில் மிதிகட்டைகளைக் கழற்றிவிட்டு, பழைய போர்வையை விரித்து, இரண்டு ஸ்பூனைப் போட்டுப் பிள்ளையை இறக்கிவிடுவார்கள், இடுப்பளவுக் குழி, ஏறி வர முடியாது, அம்மா உலை வைக்கலாம், குளிக்கலாம். என் வீட்டுக்காரர் லோகேஷ் குழியில் வளர்ந்து அதே குழியில் வேலைக்குச் சேர்ந்தவர், முப்பத்திரண்டு வருஷமாகப் பதவி உயர்வே கிடையாது. ஆனால் வீடியோவில் குழியும் இல்லை, பாப்பாவும் இல்லை, டீ டம்ளரோடு என் மூஞ்சி மட்டும். கோயம்புத்தூர்க்காரிக்கும் சிங்கப்பூர்க்காரிக்கும் என்ன தெரியும்? ‘ஐயோ’ என்று நானூறு பேர், ‘நீயெல்லாம் ஒரு தாயா’ என்று எழுநூறு பேர், ‘குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லிவிட்டேன்’ என்று ஒருத்தி, அவள் மட்டும்தான் சொன்னதைச் செய்தவள்.

வீட்டைப் பெருக்கலாமா வேண்டாமா? பெருக்கினால் நடிக்கிறாள் என்பார்கள், பெருக்காவிட்டால் பிள்ளையைப் பார்க்கத் துப்பில்லை என்பார்கள். என் வீடியோப் பக்கத்தின் பெயரே ‘சிக்கெடுக்கும் அம்மா’, உள்ளதை உள்ளபடி காட்டுகிறவள், பார்க்கிறவர்கள் பதினோராயிரம் பேர். பாப்பா கக்கிய நைட்டியோடு பேசிய வீடியோவுக்கு என்ன ஒரு பாராட்டு, அது நான்காவது டேக் என்பது எனக்கும் நைட்டிக்கும்தான் தெரியும், மூன்றாவதில் கறை கேமராவில் சரியாக விழவில்லை... லோகேஷுக்கு ஃபோன் போட்டால் புதுப் பாவு வாங்கப் போன இடத்திலிருந்து சிரிக்கிறார். “அட ஏம்மா பயந்துக்கினு இருக்கிற, குழியக் காட்டு, அவங்களே சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. வேணும்னா அவங்களையும் எறக்கி வுடு.” நானும் சிரித்தேன், நான்தான் வீட்டுக் கோமாளி, சிரிக்காவிட்டால் என்னம்மா என்று கேட்டுவிடுவார். கேட்டால்?

கேட்டால் என்ன சொல்வது... பாப்பா நேற்று விடிந்ததிலிருந்து அழுதது, பசியில்லை, ஜுரமில்லை, பல்லோ என்னவோ, பத்தரை மணிக்கு என் காதுக்குள் அந்தச் சத்தத்தைத் தவிர ஒன்றுமே இல்லை, இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினேன், பிடித்தது என் கைதானா, விரல்கள் இறுகிக்கொண்டே போயின, ஒரு தடவை உலுக்கினேன்... இல்லை, உலுக்கப் போனேன், இரண்டில் எது என்று இந்த நிமிஷம் வரைக்கும் முடிவு செய்ய முடியவில்லை. பாப்பா டக்கென்று அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஓடிப்போய்க் குழியில் இறக்கினேன். இந்தத் தெருவில் பிள்ளை எட்டி எதையும் இழுத்துவிடக் கூடாதென்று குழியில் போடுவார்கள், நான் என் கைக்கு எட்டக் கூடாதென்று போட்டேன். கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் டீ. அப்புறம் மூஞ்சி கழுவி, தலையைக் கொஞ்சம் கலைத்து, வீடியோ. ராத்திரி பாப்பா தூங்கும்போது டார்ச் அடித்துத் தோளைப் பார்த்தேன், ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை.

வந்தவர் பெயர் லில்லி, கூட ஒரு பெண் ஃபைலோடு. பாப்பாவைத் தூக்கினார், சட்டையை நீக்கிப் பார்த்தார், தோளைப் பார்த்தார், “நல்லா கீறா ராசாத்தி” என்று திருப்பிக் கொடுத்தார். குழியை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். “இதானா! இதுக்கா ஆபீஸே அலறிச்சு! எங்க அம்மா வூட்லயும் தறிதான்மா, நானே குழில வளந்தவதான்.” ஃபைல்காரப் பெண் எதையோ டிக் அடித்தாள். “வார்த்தையப் பாத்துப் போடும்மா, ஊரு ஒலகம் பாக்குது,” என்று என் கன்னத்தைத் தட்டினார் லில்லி. அவ்வளவுதான். தண்ணீர் குடித்தார்கள், எழுந்துவிட்டார்கள். ஃபோனில் அதற்குள் யாரோ தறிக்குழி என்றால் என்னவென்று விளக்கம் போட்டு, திட்டியவர்களே மன்னிப்பு, இதயப் படம், ‘சூப்பர் மாம்’. பயம் இப்போது போக வேண்டும், போகும், அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் போய்விடும் என்று நிலைப்படியில் நிற்கிறேன், ஆனால் அது இடது செருப்புக்கும் வலது செருப்புக்கும் நடுவில் ஏறிக்கொண்டே போகிறது, இவர்கள் தெருமுனை திரும்பிவிட்டால் இந்த வீட்டில் பாப்பாவும் நானும் என் இரண்டு கையும்தான்... வருகிறார்கள் என்றா காலையிலிருந்து பயந்தேன்? “அக்கா!” என்று கத்திவிட்டேன். லில்லி திரும்பினார். பதினோராயிரம் பேரிடம் உள்ளதை உள்ளபடி பேசுகிற வாய், “தண்ணி... தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன்,” என்கிறது. “இப்பதானேமா குடிச்சோம்,” என்றவர் சிரிக்கவில்லை, என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் ஃபைல்காரப் பெண்ணிடம் “நீ வண்டிகிட்ட நில்லு” என்று சொல்லிவிட்டு, உள்ளே வர, மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினார்.